பெங்களூர்: எஞ்சிய வாசல்

வழிகாட்டி வேண்டாம், நல்ல செருப்பும் ஒரு காலைப் பொழுதும் போதும். கே.ஆர். மார்க்கெட் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால், ஒரு கிலோமீட்டருக்குள் பெங்களூரின் மூன்று நூற்றாண்டுகள்.

முதலில் டெல்லி கேட். 1537ல் கெம்பே கௌடா மண்ணால் எழுப்பிய கோட்டையை 1761ல் ஹைதர் அலி கல்கோட்டையாக்கினார். 1791 மார்ச் 21ல் கார்ன்வாலிஸின் படை உடைத்து நுழைந்த இடத்தைச் சுவரில் பதித்த கல் காட்டுகிறது. ஆனால் பீரங்கி விட்டுவைத்ததையும் நகரம் விழுங்கிவிட்டது. சாலை, மருத்துவமனை, கல்லூரி போக மிஞ்சியது இந்த வாசலும் கொஞ்சம் மதிலும்தான். ஆட்டோக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

தெற்கே சிறிது நடந்தால், சிக்க தேவராஜ உடையார் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய கோட்டை வெங்கடரமணர் கோயில். பக்கத்திலேயே திப்புவின் கோடை அரண்மனை: தேக்குத் தூண்கள், பூவேலைப்பாட்டின் மங்கிய வண்ணங்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் 1868 வரை இது தலைமைச் செயலகம். ஹைதர் 1781ல் தொடங்கிய மாளிகையைத் திப்பு முடித்த ஆண்டு எது தெரியுமா? கோட்டை விழுந்த அதே 1791!

கோட்டை போய்விட்டது. மிஞ்சியதையாவது நடந்து பார்த்துவிடலாம்.