பெருங்குடல் புற்றுநோய்: ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ தேவையா? மரபணு என்ன சொல்லும்?

பெருங்குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை ஆபரேஷன் செய்து முழுசாக எடுத்தாச்சு. அடுத்து கீமோதெரபி வேண்டுமா, வேண்டாமா? இரண்டாம் நிலை, அதாவது ஸ்டேஜ் 2 நோயாளிகள் எல்லோருக்கும் வரும் கேள்வி இது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலைக் கிராமங்களில் இது இன்னும் பெரிய கேள்வி. கீமோவுக்கு 2 அல்லது 3 வாரத்துக்கு ஒருமுறை மலை இறங்க வேண்டும், அதுவும் 6 மாதம் வரை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைக்குக் கைகொடுத்தாலும், பஸ் செலவும் கூலி இழப்பும் குடும்பத்தின் தலையில்தான்.

ஏன் இந்தக் குழப்பம்?

ஸ்டேஜ் 2-ல் நோய் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருக்காது. பெரும்பாலானோர் ஆபரேஷனிலேயே குணமாகிவிடுகிறார்கள். 2007-ல் வெளியான பிரிட்டனின் 'குவாசர்' ஆய்வின்படி, இவர்களில் கீமோவால் கூடுதலாக உயிர் பிழைப்பவர்கள் 100-க்கு 3 முதல் 4 பேர். அந்தச் சிலர் யார் என்று தேடும்போதுதான் 'மரபணு வெளிப்பாடு' உதவிக்கு வருகிறது.

அது என்ன மரபணு வெளிப்பாடு?

வாக்காளர் பட்டியலில் பேர் இருப்பது வேறு, வந்து ஓட்டுப் போடுவது வேறு இல்லையா? அப்படித்தான் இதுவும். ஒரு செல்லுக்குள் சுமார் 20,000 மரபணுக்கள் இருந்தாலும் எல்லாமே வேலை செய்வதில்லை. எது வேலை செய்கிறது, எவ்வளவு செய்கிறது என்பதே வெளிப்பாடு. கட்டியில் இதை அளந்தால், நோய் திரும்பும் வாய்ப்பை ஓரளவு கணிக்கலாம்.

எந்தெந்த டெஸ்ட்?

அமெரிக்காவின் 'ஆன்கோடைப் டிஎக்ஸ்' டெஸ்ட் 12 மரபணுக்களை அளந்து 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும். குவாசர் நோயாளிகளின் கட்டிகளில் சோதித்தபோது, குறைந்த மதிப்பெண் பெற்றவர்களில் 12 சதவீதம் பேருக்கும், அதிக மதிப்பெண் பெற்றவர்களில் 22 சதவீதம் பேருக்கும் 3 ஆண்டுகளுக்குள் நோய் திரும்பியது. ஆனால் கீமோ யாருக்குப் பலன் தரும் என்பதை அந்த மதிப்பெண்ணால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. விலையும் அதிகம்.

செலவு குறைந்த வழி உண்டா?

உண்டு. மரபணு வேலை செய்தால் அதன் புரதம் செல்லில் இருக்கும். கட்டித் துண்டுக்குச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் அதைப் பார்க்கலாம்.

எம்எம்ஆர்: இது 4 புரதங்களைப் பார்க்கும் டெஸ்ட். இதில் ஏதாவது ஒன்று காணாமல் போயிருந்தால், ஸ்டேஜ் 2-ல் நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு. வழக்கமான 5-எஃப்யூ மருந்தை மட்டும் கொடுப்பதால் பலன் இருக்காது. பலர் கீமோவையே தவிர்க்க முடியும்.

சிடிஎக்ஸ்2: இந்தப் புரதம் இல்லாத கட்டிகள் திரும்ப வரும் ஆபத்து அதிகம் என்று 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படிப்பட்ட ஸ்டேஜ் 2 நோயாளிகளில் கீமோ எடுத்தவர்கள் நன்றாக இருந்தார்கள். ஆனால் இதை மட்டும் வைத்து டாக்டர்கள் முடிவெடுப்பதில்லை.

நோயாளி அலைய வேண்டுமா?

வேண்டாம். எடுத்த கட்டியின் துண்டு மெழுகில் பதித்து 'பிளாக்' ஆகப் பாதுகாக்கப்படும். ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் இந்த வசதி இல்லாவிட்டாலும், உறவினர் ஒருவர் அந்த பிளாக்கை வாங்கி, வசதி உள்ள லேபுக்குக் கொண்டுபோனால் போதும். 'எம்எம்ஆர் பார்த்தாச்சா?' என்று கீமோ தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.

இதெல்லாம் நோயை ஆரம்பத்தில் பிடித்தால்தான். மலத்தில் ரத்தம் வந்தால் 'மூலம்தானே' என்று விட்டுவிடாமல் டாக்டரைப் பாருங்கள்.