இருவாயி பிடித்துக்கொள்ளும் 0.6 வோல்ட்

குச்சவெளிக்கும் நிலாவெளிக்கும் இடைப்பட்ட கரையில், ஜெர்மனியின் டொய்ச்ச வெல்லே 1980களில் வானொலி அஞ்சல் நிலையம் ஒன்றை அமைத்தது. பின்னர் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. அங்கிருந்து மத்திய அலையில் 1548 கிலோஹேர்ட்ஸில் போன வலு 400 கிலோவாட். ஆனால் தொலைவில் உள்ள ஒரு வீட்டு ரேடியோவின் அன்டெனாவில் வந்து விழுவது மில்லிவோல்ட்டுக்கும் குறைவுதான். அதைப் பல கட்டங்களில் பெருக்கி, கடைசியில் ஒலியைப் பிரித்தெடுக்கும் வேலையை, மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் ஓர் இருவாயியிடம் (டயோட்) கொடுக்கிறார்கள். பழைய ட்ரான்சிஸ்டர் ரேடியோவைக் கழற்றிப் பார்த்தவர்கள் அந்த இடத்தில் சிறு கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் ஜெர்மானியம் இருவாயியைக் கண்டிருப்பார்கள். மலிவான சிலிக்கன் வந்த பின்னும் ஜெர்மானியம் அங்கே நிலைத்ததற்குக் காரணம் உண்டு. சிலிக்கன் திறக்க ஏறத்தாழ 0.6 வோல்ட் கேட்கும், ஜெர்மானியத்துக்கு 0.2, 0.3 போதும்.

படிகங்கள் மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் என்பதை 1874இல் கண்டவர் ஜெர்மனியின் பெர்டினாண்ட் பிரவுன். அதைக் கொண்டு வானொலி அலையைப் பிடிக்கும் கருவிக்கு 1901இல் விண்ணப்பித்து, 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் கல்கத்தாவின் ஜகதீச சந்திர போஸ். மார்க்கோனியின் பெயர் தெரிந்த அளவுக்கு இது நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

போன கிழமை பார்த்த பாலச் சீராக்கியில், சிலிக்கன் இருவாயி கேட்கும் இந்த 0.6 வோல்ட்டை நாம் பொருட்படுத்தவே இல்லை. 230 வோல்ட் மின்னில் இரண்டு இருவாயிகள் சேர்ந்து 1.2 வோல்ட் பிடித்துக்கொண்டால் யாருக்கு நட்டம்? ஆனால் கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுபவரின் மிக்சரில் மட்டங்காட்டும் மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வருவது 100 மில்லிவோல்ட் சைகை. அதைச் சிலிக்கன் இருவாயி ஊடாக அனுப்பினால் மறுபக்கம் ஏறக்குறைய ஒன்றுமே வராது. பாடகர் மெதுவாகப் பாடும்போது முள் அசையாது. உரக்கப் பாடினாலும் பொய்யான அளவையே காட்டும்.

இங்கேதான் செயற்பாட்டு விரியலாக்கி உதவிக்கு வருகிறது. உயர்தரப் பௌதிகவியலில் 741 என்ற விரியலாக்கிச் சில்லைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. இருவாயியை விரியலாக்கியின் பயப்புக்குப் பின்னால் வைத்து, பின்னூட்டலை இருவாயியின் மறுமுனையில் இருந்து எடுங்கள். விரியலாக்கி தன் இரண்டு பெய்ப்புகளையும் சமமாக வைத்திருக்கவே முயலும். அதனால் வெளியே 100 மில்லிவோல்ட் தேவைப்பட்டால், தன் பயப்பை 700 மில்லிவோல்ட்டுக்குத் தானே உயர்த்திக்கொள்ளும். இருவாயி எடுக்கும் 0.6 வோல்ட், விரியலாக்கியின் திறந்த தட நயத்தால் வகுபட்டுவிடுகிறது. 741இன் நயம் சுமார் 2,00,000. மிஞ்சும் பிழை 3 மைக்ரோவோல்ட்.

பாடநூல்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கோடு நின்றுவிடுகின்றன. அந்த நயம் நேரோட்டத்துக்கு மட்டுமே. ஒரு கிலோஹேர்ட்ஸில் 741இன் நயம் 1,000 அளவுக்கு இறங்கிவிடும், பிழை 0.6 மில்லிவோல்ட் ஆகும். அதையாவது பொறுக்கலாம். மறை அரைச் சுற்றில் நடப்பது அதைவிட மோசம். இருவாயி மூடியதும் பின்னூட்டல் அறுந்து, விரியலாக்கி நிரம்பல் நிலைக்குப் போய் மறை 13 வோல்ட்டில் முட்டி நிற்கும். அடுத்த நேர் அரைச் சுற்றுக்கு அங்கிருந்து ஏறி வரவேண்டும். 741 மைக்ரோசெக்கனுக்கு அரை வோல்ட்தான் ஏறும். ஆக 27 மைக்ரோசெக்கன் வீண். 20 கிலோஹேர்ட்ஸில் அரைச் சுற்று முழுவதுமே 25 மைக்ரோசெக்கன். ஏறி முடிவதற்குள் சைகை போய்விடும். 1548 கிலோஹேர்ட்ஸில் ஒரு முழுச் சுற்றே 0.65 மைக்ரோசெக்கன் என்பதால், ரேடியோவின் இருவாயியை இதைக் கொண்டு மாற்றலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

ஒலிக்கு மட்டும் என்றால் மருந்து எளிது: இன்னோர் இருவாயி. நேர்மாற்றும் விரியலாக்கியாகக் கட்டி, பயப்பில் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இரண்டு இருவாயிகளை வையுங்கள். ஒன்று மூடும்போது மற்றது திறந்து பின்னூட்டலை அறாமல் காக்கும். பயப்பு 13 வோல்ட்டுக்கு ஓடாது. திசை மாறும்போது கடக்கவேண்டியது 1.2 வோல்ட் அளவே. 27 மைக்ரோசெக்கன் 2.4 ஆகிவிடும்.

முழு அலை வேண்டுமானால் இரண்டாவது விரியலாக்கி தேவை. அது மூலச் சைகையை ஒரு பங்காகவும், முதற் கட்டத்தின் அரை அலையை இரு பங்காகவும் கூட்டி நேர்மாற்றும். இரு பங்குக்கு 10 கிலோஓமின் பாதியான தடை வேண்டும். கடையில் 5 கிலோஓம் தேடி அலைய வேண்டாம். ஒரே பட்டியில் இருந்து ஆறு 10 கிலோஓம் தடைகளை வாங்கி, இரண்டைச் சமாந்தரமாக இணையுங்கள். பொன் வளையம் உள்ள 5 சதவீதத் தடைகளைப் போட்டால் அலைகாட்டியில் ஒரு மேடு உயர்ந்தும் அடுத்தது தாழ்ந்தும் தெரியும். ஒரு சதவீத உலோகப் படலத் தடைகளுக்குக் கொடுக்கும் மேலதிகச் சில ரூபாய் வீண்போகாது.

741ஐ வகுப்பறையோடு விடுவது நல்லது. டிஎல்072 என்ற சில்லில் எட்டுக் கால்களுக்குள் இரண்டு விரியலாக்கிகள் உண்டு. மைக்ரோசெக்கனுக்கு 13 வோல்ட் ஏறும். இருவாயிகளுக்கு 1என்4148 போதும். மின்வழங்கிக்கு வாங்கிய 1என்4007ஐப் போடாதீர்கள், அது மெதுவாகவே மூடும். எந்தச் சில்லைப் போட்டாலும் சில மில்லிவோல்ட் பெயர்ச்சி இருக்கவே செய்யும். ஆகவே 5 மில்லிவோல்ட் சைகையை இதில் நேரடியாக அளக்க முயலாமல், முன்னால் நூறு மடங்கு பெருக்கும் கட்டம் ஒன்றைச் சேருங்கள். அந்தக் கட்டத்தை அடுத்த கிழமை கட்டுவோம். தடைகளை இப்போதே வாங்கி வையுங்கள்.