ஒத்தைக் கால் ஷூ கேட்ட பையன்கள்!

கடை திறந்த முதல் நாள். அலமாரி நிறைய அட்டைப்பெட்டிகள். ஆனால் உள்ளே ஷூ கிடையாது!

அன்றைக்கு 12 பேர் வந்தார்கள். மாதிரியைப் பார்த்து ஆர்டர் கொடுத்தார்கள். கடையை ஒட்டியே ஆலை. அவசர அவசரமாகச் செய்து, அன்றே ஷூவைக் கையில் கொடுத்தார்கள். அப்போதுதான் இன்னொரு கூத்து தெரிந்தது. கல்லாவில் சில்லறை இல்லை! பிறகு வந்து பணம் தந்தால் போதும் என்று சொல்லி, ஷூவோடு அனுப்பி விட்டார்கள்.

12 பேருமே திரும்பி வந்து பணத்தைக் கட்டினார்கள்!

இது நடந்தது அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலம் அனகைம் நகரில். 1966-ம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி. கடையைத் தொடங்கியவர்கள் நாலு கூட்டாளிகள். அவர்களில் முக்கியமானவர் பால் வான் டோரன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, ரப்பர் ஷூ ஆலையில் வேலை பார்த்துத் தொழில் கற்றவர். 'வான்ஸ்' ஷூ என்று உலகமெல்லாம் தெரிகிறதே, அதன் பிறப்பு இதுதான்.

பிரேக் கிடையாது

ஒரு பலகை. அடியில் 4 சக்கரம். அதன் மேல் நின்றபடி பாய்வதுதான் 'ஸ்கேட்போர்டு' விளையாட்டு. பிரேக் கிடையாது, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. காலைப் பலகையோடு கட்டி வைப்பதும் இல்லை. வழுக்கினால் முட்டி போச்சு! எல்லாம் ஷூவின் கையில்... இல்லை, ஷூவின் அடியில்!

வான் டோரன் இந்தப் பையன்களை நினைத்து ஷூ செய்யவில்லை. உழைக்க வேண்டும் என்று ரப்பரைத் தடிமனாகப் போட்டார், அவ்வளவுதான். அடியில் முதலில் சாய்ந்த கட்டம் போட்டிருந்தார்கள். கால் மடங்குகிற இடத்தில் அது வெடித்தது. அதைத் தடுக்க அந்த இடத்தில் கூடுதலாகக் கோடுகள் சேர்த்தார்கள். வெடிப்பு நின்றது. கூடவே பலகையை அட்டை மாதிரி பிடித்துக் கொள்ளும் குணமும் வந்து சேர்ந்தது!

இன்னொன்று, மேலே கித்தான் துணி. அதில் ரப்பரை ஒட்டி, அடுப்பில் வைத்து வேக விடுவார்கள். அப்படிச் செய்த ஷூ நன்றாக வளையும். பலகையின் அசைவு பாதத்துக்குத் தெரியும். பையன்கள் விடுவார்களா?

ஒரு கால் போதும்!

இங்கேதான் ஒரு தொல்லை. வேகத்தைக் குறைக்க ஒரு காலைத் தரையில் தேய்ப்பார்கள். அந்தக் கால் ஷூ மட்டும் ஓட்டையாகி விடும். மற்றது புதுசு போல இருக்கும். வீட்டில் திட்டு விழாமல் இருக்குமா?

ஒத்தை ஷூ கேட்டால் எந்தக் கடைக்காரரும் ஒரு மாதிரி பார்ப்பார். வான்ஸ் கடையில் ஒத்தை ஷூவும் விற்றார்கள்! ஆலை சொந்த ஆலை. ஒரு காலுக்குச் செய்து கொடுப்பதில் கஷ்டம் இல்லை. பையன்கள் வேறு கடைப் பக்கம் போவார்களா?

1970-களின் மத்தியில் கலிபோர்னியாவில் கடும் வறட்சி. வீடுகளில் நீச்சல் குளங்கள் வறண்டு கிடந்தன. பையன்கள் வேலி தாண்டிக் குதித்து, வளைந்த குளத்துச் சுவரில் பலகை ஓட்டினார்கள். அவர்களில் டோனி ஆல்வா, ஸ்டேசி பெரால்டா இருவரும் பெரும் புள்ளிகள். இவர்கள் யோசனையைக் கேட்டு, 1976-ல் கணுக்காலைச் சுற்றி மெத்தை வைத்த ஷூ வந்தது. அதற்கு 'எரா' என்று பெயர். மறு வருஷம், சீக்கிரம் தேய்கிற இடங்களில் தோல் வைத்த ஷூவும் வந்தது.

சதுரங்க ஷூ

பையன்கள் ஷூவின் வெள்ளை ரப்பரில் பேனாவால் கறுப்புக் கட்டம் போடுவார்கள். அதைக் கவனித்த கம்பெனி, துணியிலேயே சதுரங்கக் கட்டம் அச்சடித்தது. 1982-ல் ஓர் ஆங்கிலப் படத்தில் நடிகர் ஷான் பென் அந்த ஷூவோடு வந்தார். அடேயப்பா! பலகையில் ஏறாதவர்கள்கூட அதற்காகக் கடைக்கு ஓடினார்கள்.

வந்த அதிர்ஷ்டம் தலைக்கு ஏறியதோ என்னவோ! பேஸ்பால், கால்பந்து, மல்யுத்தம் என்று கண்ட விளையாட்டுக்கெல்லாம் ஷூ செய்ய இறங்கினார்கள். போட்டிக் கம்பெனிகளின் ஷூ மலிவு. கடன் ஏறியது. 1984-ல் கம்பெனி திவால் கோர்ட்டுக்குப் போய்விட்டது.

ஒதுங்கி இருந்த பால் வான் டோரன் திரும்பி வந்து பொறுப்பு ஏற்றார். கடன் தீரும் வரை தொழிலாளர்களுக்குச் சம்பள உயர்வு கிடையாது! சில வருஷங்களில் கடன்காரர்களுக்குப் பாக்கி இல்லாமல் அடைத்தார்கள். 1988-ல் கம்பெனியை விற்றும் விட்டார்கள். தொழிலாளர் பாடுதான் கஷ்டம். 1995-ல் ஆரஞ்சு நகர் ஆலை மூடப்பட்டது. வேலை வெளிநாட்டுக்குப் போனது.

அதற்கு முன்பே ஒரு வேடிக்கை. ஸ்டீவ் கபலேரோ என்ற வீரர் பெயரில் 1989-ல் உயரமான ஷூ விட்டிருந்தார்கள். பையன்கள் கத்தரிக்கோலை எடுத்துக் கணுக்காலுக்கு மேலே வெட்டி எறிந்து, ஓரத்தில் டேப் ஒட்டிக் கொண்டார்கள். கம்பெனி கோபித்துக்கொள்ளவில்லை. 1992-ல் தானே அதே உயரத்துக்கு வெட்டித் தைத்து விற்றது. 'ஹாஃப் கேப்' என்ற அந்த ஷூ இன்றும் விற்பனையில் இருக்கிறது.

பால் வான் டோரன் 2021-ல், 90-வது வயதில் காலமானார்.