வெட்டுறதுக்கு முன்னால அளங்க, தம்பி

ஓசூரிலிருந்து கரூருக்கு பாடி கட்டப் போகும் பஸ் சேஸியைச் சேலம் பைபாஸில் பார்த்திருப்பீர்கள். என்ஜின், இரண்டு நீளச் சட்டம், சக்கரங்கள், தலையில் துண்டு கட்டிய டிரைவர். கூரையும் கிடையாது, கதவும் கிடையாது. ஹாட் ராட் என்பதும் ஏறக்குறைய அதுதான் தம்பி. ஓடத் தேவையில்லாததையெல்லாம் கழற்றி எறிந்த வண்டி. டீ ஆறுவதற்குள் மீதியையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு ஷெட்டில் ஒன்று கட்டப்போவதாக நீங்கள் சொன்னதிலிருந்து எனக்கும் கை துறுதுறுக்கிறது.

1930-களில் கலிஃபோர்னியாவில் மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் பையன்கள் வண்டி விரட்டினார்கள். கையில் காசு குறைவு, பழைய ஃபோர்டு மலிவு. அதிலும் ரோட்ஸ்டர்தான் தோது. ரோட்ஸ்டர் என்றால் நிலையான கூரையோ ஏற்றி இறக்கும் கண்ணாடியோ இல்லாத வண்டி. அதனால் எடையும் குறைவு, விலையும் குறைவு. மட்கார்டைக் கழற்றினால் இன்னும் சில கிலோ மிச்சம். அழகுக்காக யாரும் கழற்றவில்லை. வேகத்துக்காகக் கழற்றியது பிறகு அழகாகிப்போனது. 1937-ல் சங்கம் வைத்துப் பந்தயங்களை முறைப்படுத்தினார்கள். 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' என்றே ஒரு பத்திரிகை வந்தது.

எல்லோரும் கொண்டாடும் மாடல் 1932 ஃபோர்டு. நம்மூர் ஃபவுண்டரிக்காரர்களுக்கு அதன் என்ஜினைப் பற்றிச் சொன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்கள். எட்டு சிலிண்டர், 'வி' வடிவம், இரண்டு வரிசை சிலிண்டரும் கிராங்க் கேஸும் ஒரே வார்ப்பு. அவ்வளவு சிக்கலான கோர் வைத்து, 500 டாலருக்கும் குறைவாக விற்ற காருக்கு வார்த்துக் கொடுத்தார்கள். 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன். ஒரு குறை உண்டு: சிலிண்டரை விட்டு வரும் சூடான புகை பிளாக்குக்குள்ளேயே பாதை பிடித்து வெளியேறும். அதனால் என்ஜின் சீக்கிரம் கொதிக்கும். பழைய ஹாட் ராட் படங்களில் பானெட்டின் பக்கத் தகடு இல்லாததைப் பார்த்தால் ஸ்டைல் என்று மட்டும் நினைக்காதீர்கள். கொஞ்சம் காற்றும் தேவைப்பட்டது.

படம் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. குரோம் பளபளப்பில் மயங்காமல் அளவைப் பிடியுங்கள். 1932 ஃபோர்டின் வீல்பேஸ் 106 அங்குலம், அதாவது 2,692 மில்லிமீட்டர். நேர் பக்கவாட்டில், தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுத்த படம் ஒன்றைத் தேடுங்கள். கிட்டத்தில் எடுத்தால் மூக்கு பெருத்து, அளவு பொய் சொல்லும். இரண்டு ஆக்சில் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் 2,692 என்று வைத்துக்கொண்டால் மற்ற எல்லா அளவும் ஸ்கேலில் வந்துவிடும். அப்போது சில சங்கதிகள் புரியும். ரேடியேட்டர் ஏறக்குறைய முன் ஆக்சிலுக்கு நேர் மேலே நிற்கிறது. இன்றைய கார்களில் அது ஆக்சிலைத் தாண்டி முன்னால் போய்விட்டது. பழைய வண்டியின் கம்பீரமே அந்த இடத்தில்தான். பின் டயர் பெரிதாக இருப்பதற்கும் காரணம் உண்டு. என்ஜின் அதே சுற்று சுற்றினாலும் பெரிய டயர் அதிக தூரம் உருளும், உச்ச வேகம் கூடும். சேஸியின் பக்கச் சட்டத்தில் ஒரு நெளிவு அழுத்தியிருப்பார்கள். மட்கார்டு இல்லாவிட்டாலும் பார்க்க லட்சணமாக இருக்கும். 1928–31 மாடல் ஏ பாடியை எடுத்து இந்தச் சட்டத்தின் மேல் உட்கார வைத்தவர்கள் ஏராளம்.

பழைய வண்டிகளை நேரில் பார்க்க இங்கே கோவையிலேயே இடம் உண்டு. அவினாசி சாலையில் ஜீடி கார் அருங்காட்சியகம் 2015-லிருந்து இருக்கிறது, ஜி.டி. நாயுடு பெயரிலான அறக்கட்டளை நடத்துவது. 1886 பென்ஸ் வண்டியின் மறுவடிவம் அங்கே நிற்கிறது. அரை நாள் ஒதுக்கி, மண்டியிட்டு அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். 1920-ல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் ஒற்றை பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கிய மனிதர் நாயுடு.

அடிக்கட்டுக்கு அம்பாசிடரையோ பத்மினியையோ வாங்கிவிடாதீர்கள். அவற்றில் பாடியேதான் பலம். மேலே வெட்டினால் நடுவில் தொய்ந்துவிடும். பார்க்க வேண்டியது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னைக்குப் பக்கத்தில் 1960-களில் செய்தது. தனிச் சேஸி, அதன் மேல் துண்டு துண்டாக போல்ட் போட்ட பாடி. இங்கிலாந்தில் அதே சேஸியைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயர் என்ற இருவர் ரோட்ஸ்டரைக் கட்டினார்கள். ஆனால் பின்பக்க ஸ்விங் ஆக்சிலைக் கவனிக்க வேண்டும். வளைவில் சக்கரம் உள்ளே மடங்கும் குணம் அதற்கு உண்டு. 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கெசலில் அதை மாற்றி ஒற்றை ஆக்சிலாக்கிவிட்டார்கள். நம் மெக்கானிக்குகளுக்கும் அதுதான் தோது. எதைக் கட்டினாலும் ஸ்டீயரிங் ராடில் மட்டும் வெல்டிங் வேண்டவே வேண்டாம்.

கையால் கார் கட்டுவது கோவைக்குப் புதிதில்லை. எஸ். கரிவரதன் 1980-களில் மாருதி என்ஜினை வைத்து ஒற்றை இருக்கை பந்தயக் கார்களை இங்கேயே கட்டினார். எளிதில் கிடைக்கிற என்ஜின், பட்டறையில் செய்யக்கூடிய சட்டம், கட்டுப்படியாகிற விலை என்பதே அவர் கணக்கு. 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய நாராயண் கார்த்திகேயன் பந்தயம் தொடங்கியது ஃபார்முலா மாருதி என்ற அந்த வகைக் காரில்தான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் தாங்களே கட்டிய கார்களோடு ஃபார்முலா பாரத் போட்டிக்கு அங்கேதான் வருகிறார்கள். நான் உங்களிடத்தில் இருந்தால் 1932 ஃபோர்டிலிருந்து உருவத்தையும் கரிவரதனிடமிருந்து கணக்கையும் எடுத்துக்கொள்வேன்.

கடைசியாகச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 2021-ல் வந்த விதியில் 50 வயது தாண்டிய வண்டிக்கு 'விஏ' என்ற தனிப் பதிவு எண் கிடைக்கும். ஆனால் சேஸி, பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் இருந்தால் கிடைக்காது. ஆகவே நல்ல ஹெரால்டு ஒன்று கிடைத்தால் அதை வெட்டுவது பாவம் மட்டுமில்லை, நஷ்டமும்கூட. அதைப் பழையபடி சரிசெய்து பதிவு செய்யுங்கள். துருப்பிடித்துப் பாடி போன சேஸி கிடைத்தால் ஃபைபர் பாடி போட்டு டிராக்குக்கு மட்டும் ஒன்று கட்டுங்கள். எதை வாங்குவதாக இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிட்டு வாருங்கள், தம்பி.