விதைக்கிழங்கு மலையிறங்கத் தடை ஏன்?

கட்டபெட்டுச் சுற்றுவட்டாரத்தில் தேயிலையோடு உருளைக்கிழங்கும் பயிரிடும் உழவர்கள், "சமையலுக்கு விற்கலாம், விதைக்கு விற்கக் கூடாது என்பது என்ன நியாயம்?" என்று கேட்பதுண்டு. கிழங்கில் ஒட்டியிருக்கும் மண்ணே இதற்குக் காரணம்.

தென் அமெரிக்க மலைகளில் தோன்றிய முட்டைக்கூடு நூற்புழு, 1961-இல் உதகையை அடுத்த விஜயநகரத்தில் கண்டறியப்பட்டது. இந்தியாவில் அதுவே முதல் முறை. வேரைத் துளைத்து உண்ணும் பெண் புழு இறந்ததும், அதன் உடலே கடினமான கூடாகிவிடும். குண்டூசித் தலையிலும் சிறிய அக்கூட்டினுள் 200 முதல் 500 முட்டைகள் வரை இருக்கும். 20 ஆண்டுகள் கூட மண்ணில் உறங்கிக் கிடந்து, உருளைக்கிழங்கு வேரின் கசிவு பட்டதும் பொரிக்கும். ஒருமுறை புகுந்த நிலத்திலிருந்து இதை முற்றிலும் ஒழிப்பது இயலாத காரியம்.

ஆகவேதான், 1914-ஆம் ஆண்டின் பயிர்ப் பூச்சி நோய்ச் சட்டத்தின் கீழ் 1971-இல் நீலகிரி விதைக்கிழங்கு வெளியே செல்லத் தடை விதிக்கப்பட்டது. நமக்கு மட்டுமா இந்தக் கட்டு என்று வருந்த வேண்டாம். 2018-இல் இமாச்சலப் பிரதேசம், ஜம்மு காஷ்மீர், உத்தராகண்ட் மலைகளிலும் இப்புழு தென்படவே, நாட்டுக்கே விதை கொடுத்த அம்மலைகளின் விதைக்கிழங்குக்கும் தடை வந்தது.

சோதனைச் சாவடியில் நிற்பவரின் கண்ணுக்கு முட்டைக்கூடு தெரியாது. சமையலுக்கென்று மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் கிழங்கை வாங்குபவர் எங்காவது நட்டுவிட்டால் தடுப்பார் யார்? சட்டத்திலுள்ள பெரிய ஓட்டை இதுதான். எனவே, பொடிக்கிழங்கை விதைக்கென்று கேட்டு வரும் வியாபாரிக்குக் கொடுக்காதீர்கள். மண்ணை நன்கு உதிர்த்த பிறகே மூட்டை கட்டுங்கள். மண்டியிலிருந்து திரும்பும் பழஞ்சாக்கில் விதையைச் சேமிக்க வேண்டாம். இரவல் வாங்கிய மண்வெட்டியைக் கழுவிய பின்னரே தோட்டத்தில் இறக்குங்கள். அடுத்த தோட்டத்துக்குப் புழு போவதைச் சாவடி தடுக்காது.

பாதித்த நிலத்தில் முட்டைக்கோசு, காரட், பூண்டு, பீன்ஸ் என்று மூன்று நான்கு ஆண்டுகள் மாற்றிப் பயிரிட்டால் புழு குறையும். தக்காளியும் கத்தரியும் கூடாது. அவற்றிலும் இப்புழு பெருகும். குப்ரி ஜோதி இப்புழுவைத் தாங்காது. நீலகிரிக்கென்றே 1985-இல் வெளியான குப்ரி சுவர்ணா இதை எதிர்த்து நிற்கும். பின்னர் வந்த குப்ரி நீலிமா, குப்ரி சஹ்யாத்ரி ஆகியவை பற்றி முத்தோரை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டறியலாம்.

தோட்டத்தில் அங்கங்கே திட்டுத் திட்டாகச் செடி குன்றி, நண்பகலில் வாடினால் ஐயம் கொள்ளுங்கள். பூக்கும் பருவத்தில் அத்தகைய செடி ஒன்றை வேர் அறாமல் கொத்தி எடுத்து, மண்ணை மெல்லத் தட்டிப் பாருங்கள். வேரில் வெண்மையாகவோ பொன்னிறமாகவோ சிறு மணிகள் ஒட்டியிருந்தால், அச்செடியை மண்ணோடு பையில் கட்டித் தோட்டக்கலை அலுவலரிடம் காட்டுங்கள்.