அறிக்கையில் நாங்கள் காணாத சொல்

2009 ஆம் ஆண்டு மாசி மாதம் என் தலையின் இடது பக்கத்தில் செல் துண்டு பட்டது. காயம் ஆறியது, தலையிடி ஆறவில்லை. கிழமையில் நாலைந்து நாள் பனடோல் போட்டுக்கொண்டுதான் தையல் மெசினில் இருப்பேன். 'உள்ளே கட்டி வளருதோ' என்ற பயத்தில் நித்திரையும் கெட்டது.

கடைசியில் கிளினிக்குக்குப் போனேன். ஸ்கானுக்கு எழுதமுன் வைத்தியர், "உடம்பில செல் துண்டு ஏதும் இருக்கோ அம்மா?" என்று கேட்டார். தழும்பைக் காட்டினேன். எம்.ஆர்.ஐ. இயந்திரம் மிகப் பெரிய காந்தம். உடம்பில் இரும்புத் துண்டு இருந்தால் அது அசையலாம். கண்ணிலோ மூளையிலோ இருந்தால் பேராபத்து. அதனால் எக்ஸ் கதிரால் எடுக்கும் சீ.ரி. ஸ்கான் எடுத்தார்கள்.

அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டில் மகள் அகராதி பார்த்து, "மாஸ் எண்டால் கட்டியாம் அம்மா" என்றாள். அன்றிரவு இருவரும் அழுதோம்.

அடுத்த கிளினிக்கில் வைத்தியர் அந்தச் சொல்லுக்கு முன்னால் விரலை வைத்தார். அங்கே 'நோ' என்று இருந்தது. கட்டி இல்லை, இரத்தக்கசிவும் இல்லை. 'வேற்றுப்பொருள்' என்றது மண்டையோட்டுக்கு வெளியே, தோலுக்குக் கீழே இருக்கும் அதே செல் துண்டுதான். சைனஸ் அறையில் சவ்வுத் தடிப்பு என்றும் எழுதியிருந்தது. அது எந்த வருத்தமும் இல்லாத பலரிடமும் காணப்படுவதாம்.

"அப்ப என்ர தலையிடி பொய்யோ டொக்டர்?"

"இல்லை அம்மா. ஸ்கான் கட்டியைக் காட்டும், கசிவைக் காட்டும். நோவைக் காட்டாது."

ஒற்றைத் தலையிடி உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் ஸ்கான் சாதாரணமாகவே இருக்குமாம். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேலாகப் பனடோல் போட்டால், அந்தக் குளிசையே தலையிடியைத் தொடரச் செய்யலாம் என்றும் சொன்னார். அவர் சொன்னபடி குளிசையைக் குறைத்து, தலையிடித்த நாட்களைக் கொப்பியில் குறித்து வந்தேன். முன்பு மாதத்தில் 18 நாள். இப்போது ஆறு நாள்.

சகோதரிகளே, ஸ்கானுக்கு முன் உடம்பிலுள்ள செல் துண்டு, ரவை, கருவுற்றிருந்தால் அது, எல்லாவற்றையும் மறக்காமல் சொல்லுங்கள். அறிக்கையை வைத்தியரிடமே விளங்கிக் கொள்ளுங்கள். ஆனால் திடீரென்று தாங்கமுடியாத தலையிடி, கைகால் விறைப்பு, பேச்சுக் குழறல், வலிப்பு, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் நாள் வரும்வரை பார்த்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.