கிரிப்டோ மாற்றித் தரும் ஏ.ஐ. ஏஜெண்ட்: ஹெல்ப் பைலில் என்ன பார்க்க வேண்டும்?

கம்ப்யூட்டருக்குப் புதியவர்கள் ஹெல்ப் பைலை அதிகம் திறப்பதில்லை. புரோகிராம் பாதியில் நின்றால்தான் அதன் நினைவே வரும். ஆனால் ஹெல்ப் பைலை வரி விடாமல் படித்து, அதில் உள்ளபடியே நடக்கும் ஒரு யூசர் இப்போது வந்திருக்கிறார். அவர் மனிதர் அல்ல, ஏ.ஐ. ஏஜெண்ட். நாம் பேச்சு வழக்கில் சொல்லும் வேலையை, மற்ற புரோகிராம்களை இயக்கி முடித்துத் தரும் சாப்ட்வேர் இது.

இந்த ஏஜெண்ட்டுகளுக்கான டூல் ஒன்றிற்கு சமீபத்தில் நான் ஹெல்ப் பைல் எழுதினேன். ஒரு பிளாக்செயினில் உள்ள கிரிப்டோ பணத்தை, இன்னொரு பிளாக்செயினில் உள்ள வேறு கிரிப்டோ பணமாக மாற்றித் தருவது அதன் வேலை. இப்படி ஒரு டூலை இன்ஸ்டால் செய்யும்படி உங்களிடம் யாராவது சொன்னால், அதன் ஹெல்ப் பைலில் எவற்றைத் தேட வேண்டும் என்று பார்ப்போம்.

எந்தப் பாலம்?

பிளாக்செயின் என்பது பல கம்ப்யூட்டர்களில் ஒரே மாதிரி எழுதி வைக்கப்படும் கணக்குப் புத்தகம். 2009-ல் தொடங்கிய பிட்காயினுக்கு ஒரு புத்தகம். 2015-ல் வந்த எதீரியத்திற்கு வேறு புத்தகம். ஒன்றில் எழுதியது மற்றதற்குத் தெரியாது. எனவே இடையில் ஓர் ஏற்பாடு தேவை. இதனை பிரிட்ஜ் என்கிறார்கள். பல பிரிட்ஜ்கள் இந்தப் பக்கம் பணத்தைப் பூட்டி வைத்து, அந்தப் பக்கம் அதற்கு ஈடாகக் கொடுக்கின்றன.

பூட்டின் சாவி திருடு போனால்? 2022 மார்ச்சில் ரோனின் என்ற பிரிட்ஜில் இதுதான் நடந்தது. அங்கே இருந்த 9 சாவிகளில் 5 சேர்ந்தால் பணத்தை எடுக்கலாம். திருடர்கள் அந்த 5-ஐயும் கைப்பற்றி 1,73,600 ஈதரையும், 2.55 கோடி யூ.எஸ்.டி.சி.யையும் எடுத்துச் சென்றனர். எனவே டூல் எந்த பிரிட்ஜைப் பயன்படுத்துகிறது என்று ஹெல்ப் பைலில் இல்லை என்றால், அதனை அத்துடன் மூடி விடுங்கள்.

எந்த அளவு?

நான் அதிக நேரம் செலவிட்டது இந்தப் பகுதிக்குத்தான். ரூபாய்க்கு 100 பைசா. பிட்காயினுக்கு 10 கோடி சடோஷி. எதீரியத்தில் யூ.எஸ்.டி.சி.க்கு 6 தசம இடங்கள்; ஈதருக்கு 18. உள்ளே கணக்குகள் எல்லாம் இந்த மிகச் சிறிய அலகில்தான் நடக்கின்றன.

ஈதரைக் கொடுத்து யூ.எஸ்.டி.சி. வாங்கச் சொல்கிறீர்கள். “குறைந்தது 99 யூ.எஸ்.டி.சி. வர வேண்டும், இல்லையென்றால் மாற்றாதே” என்கிறீர்கள். ஏஜெண்ட் அந்தக் கட்டத்தில் 99 என்று எழுதுகிறது. டூல் எதிர்பார்ப்பதோ சிறிய அலகு என்றால், அதன் பொருள் 0.000099 யூ.எஸ்.டி.சி. சரியான எண் 9,90,00,000. எர்ரர் மெசேஜ் எதுவும் வராது. விலை எவ்வளவு மோசமாக இருந்தாலும் டூல் ஏற்றுக் கொள்ளும். நீங்கள் போட்ட பாதுகாப்பு பெயரளவில்தான் இருக்கும். எனவே ஒவ்வொரு கட்டத்திற்கும் அலகு என்ன என்பதை உதாரணத்துடன் எழுத வேண்டும்.

பெயரும் இப்படித்தான். யூ.எஸ்.டி.சி. என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் ஒரு டோக்கன் உருவாக்கலாம். டூல் பெயரை நம்பாமல், அந்த டோக்கனின் கான்ட்ராக்ட் முகவரியைக் கேட்க வேண்டும். செயினுக்கும் எண் உண்டு: எதீரியம் 1, பாலிகான் 137, பேஸ் 8453. இந்த மூன்றிலும் உங்கள் வாலட் முகவரி ஒன்றாகவே இருக்கலாம். ஆகவே செயின் எண் தவறினால் பணம் நீங்கள் எதிர்பாராத இடத்தில் போய் நிற்கும்.

பதில் வராவிட்டால்?

பிட்காயினில் ஒரு பிளாக் உருவாக சராசரியாக 10 நிமிடம் ஆகும். அதற்குள் பதில் வரவில்லையே என்று நினைத்து ஏஜெண்ட் இரண்டாவது முறையும் அனுப்பினால், பணம் இரு முறை போகும். “காத்திருக்கிறது”, “முடிந்தது”, “திருப்பி அனுப்பப்பட்டது” ஆகிய மூன்று நிலைகளையும் ஹெல்ப் பைல் தனித்தனியே சொல்ல வேண்டும். மாற்றத்தின் எண்ணைக் கொண்டு நிலையைப் பார்க்காமல் மீண்டும் அனுப்பக் கூடாது என்ற விதியும் இருக்க வேண்டும்.

இன்ஸ்டால் செய்யும் முன்

1. வாலட்டின் 12 அல்லது 24 ரகசிய வார்த்தைகளை ஏஜெண்ட்டிடம் டைப் செய்யாதீர்கள். தனியாக ஒரு புதிய வாலட் தொடங்கி, போனாலும் பரவாயில்லை என்ற அளவு பணம் மட்டும் வையுங்கள்.

2. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு டூலுக்குள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். ஏஜெண்ட்டிடம் வாயால் சொன்ன வரம்பு போதாது. அது படிக்கும் ஏதோ ஒரு இணையப் பக்கத்தில், “இந்த முகவரிக்கு அனுப்பு” என்று யாராவது எழுதி வைத்திருந்தால், அதையும் உங்கள் கட்டளையாக எடுத்துக் கொள்ளக் கூடும்.

3. “அளவில்லா அனுமதி” கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த ஒரு மாற்றத்திற்குத் தேவையான தொகைக்கு மட்டும் அனுமதி தாருங்கள்.

4. முதலில் டெஸ்ட்நெட்டில், அதாவது மதிப்பில்லாத சோதனைப் பணத்தில், ஓட்டிப் பாருங்கள்.

5. ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு பைலில் பதிவு செய்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் 2022 ஏப்ரலில் வந்த விதிப்படி, ஒரு கிரிப்டோவைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதும் விற்பனைதான். லாபத்திற்கு 30 சதவீத வரி. ஒன்றின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஏஜெண்ட் ஒரே இரவில் 50 முறை மாற்றினால், அந்த 50-க்கும் கணக்கு காட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

வங்கியில் தவறான கணக்கிற்குப் பணம் போனால், கிளைக்குச் சென்று மேனேஜரிடம் கடிதம் கொடுக்கலாம். பிளாக்செயினில் எழுதியதைத் திருத்தித் தரும் கிளை எதுவும் இல்லை. எனவே ஏஜெண்ட் படிக்கப் போகும் ஹெல்ப் பைலை, அதற்கு முன் நீங்கள் ஒரு முறை முழுமையாகப் படித்து விடுங்கள். மேலே சொன்னவற்றில் எது இல்லை என்றாலும், அந்த டூலை இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.